மகள் தேர்ந்தெடுத்த கதவு

எங்கள் வீட்டில் ஏழு கதவுகள். ஆறு கதவுகளில் ஒரு ஸ்க்ரூவின் தலைகூட வெளியே தெரியாது. ஏழாவது கதவில், கூடத்தைப் பார்த்த பக்கத்தில், எட்டுப் பித்தளை ஸ்க்ரூக்கள் தெரியும். பக்கத்துச் சுவரில் ஓர் ஆணியில் திருப்புளி தொங்கும். முதல் தடவை வருகிறவர்கள் தச்சு வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. தொடங்கினால் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும். வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே சொல்லக்கூடியது இல்லை அது.

நான் காரிமங்கலத்தில் பள்ளி ஆசிரியை. கணவருக்கு மொரப்பூர் ரயில் நிலையத்தில் வேலை. இரவும் பகலும் மாறி மாறி வரும் பணி என்பதால் வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கிவிடுவார். எங்களுக்கு ஒரே மகள். அறுபதுகளின் நடுவில், அவள் இரண்டாம் வகுப்பு படித்தபோது, முதல் வலிப்பு வந்தது. நான் பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பின் இன்னொரு சத்தம். குதிகால்கள் தரையில் அடிக்கிற சத்தம். சீராக, வேகமாக. அதுவரை நான் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. இப்போது எந்த இரைச்சலிலும் அது மட்டும் என் காதுக்குத் தனியாக வந்து சேரும்.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் யாரோ ஒரு சாவிக்கொத்தை அவள் கையில் திணித்திருந்தார்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். சேலத்து டாக்டரிடம் அதைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார்.

"இரும்பு ஒண்ணும் பண்ணாதும்மா. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. எவ்வளவு நேரம் வருதுன்னு எண்ணிக்கிட்டே இருங்க. அதுவா நிக்கும். குப்புற விழுந்து மூஞ்சி எதுலயாவது அழுந்தினாத்தான் ஆபத்து. பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். அவ்வளவுதான்."

அந்த ஆள் நான்தான் என்று அன்றைக்கே முடிவாயிற்று. வாடகை வீட்டில் அது சுலபமாக இருந்தது. ஒரே பெரிய அறை, அதை ஒட்டிச் சமையலறை. கதவு என்று இருந்தவை வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று. குளிக்கும் இடத்துக்குப் பனையோலைத் தட்டி. அவள் குளிக்கப் போனால் நான் தட்டிக்கு இந்தப் பக்கம் நிற்பேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கொஞ்சம் நின்றாலும் கூப்பிடுவேன்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

சின்னவளாக இருந்தபோது அதைப் பாட்டாக இழுத்துச் சொல்வாள். பத்து வயதில் சலித்துக்கொள்ளத் தொடங்கினாள். பன்னிரண்டு வயதில் ஒருநாள், "இல்ல, செத்துட்டேன்" என்றாள். நான் தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்று முழுக்க என்னிடம் அவள் பேசவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கிருஷ்ணகிரி சாலையை ஒட்டி ஒரு மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினோம். கணவருக்கு விடுப்பு கிடைப்பது கஷ்டம். பள்ளி விட்டதும் நான்தான் போய் நிற்பேன். சுவர் இடுப்பளவு எழுந்தபோது மேஸ்திரி கதவு நிலைகளுக்கு அளவு கேட்டார். அன்றைக்கு என்னோடு வந்திருந்த மகள், மேஸ்திரி அந்தப் பக்கம் போனதும் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு ஒரு ரூம் வேணும். கதவு வெச்ச ரூம். உள்ளேர்ந்து தாப்பா போடற கதவு."

முடியாது என்றேன். அவள் வாதாடவில்லை. அப்பா மொரப்பூரிலிருந்து வரும்வரை காத்திருந்து, அவர் சாப்பிட்டு முடித்த பின் இருவரையும் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பாத்ரூமுக்குத் தாப்பா வேணாம். அதை நான் ஒத்துக்கறேன். என் ரூமுக்கு வேணும். அதை நீங்க ஒத்துக்கங்க."

"வக்கீலுக்குப் படிக்க வெச்சுடலாம்" என்றார் கணவர். பிறகு என்னைப் பார்த்து, "நியாயமாத்தானே கேக்கறா" என்றார்.

அவருக்கு அது நியாயம். அவர் மொரப்பூரில் சிக்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கப்போகிறவள் நான். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். மனதார ஒத்துக்கொள்ளவில்லை என்பது பிறகு தெரிந்தது.

தருமபுரியில் ஒரு பாய் கதவுப் பட்டறை வைத்திருந்தார். அரசாங்கக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று சுற்றுப்பக்கத்தில் எங்கே கட்டட வேலை நடந்தாலும் அங்கிருந்து கதவுகள் போகும். செய்து முடித்தவற்றைச் சுவரோரமாக வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார். அதில் ஒன்றைக் காட்டினால் நம் வாசலின் அளவுக்கு அதேபோலச் செய்து தருவார். பேசிக்கொண்டே இருப்பார், பேசும்போது பக்கத்தில் எந்தப் பலகை இருந்தாலும் விரல் முட்டியால் தட்டி, என்ன சத்தம் வருகிறது என்று கேட்டுக்கொள்வார்.

"முன் கதவுக்குத் தேக்கு போட்டுக்குங்க டீச்சர். உள் கதவுக்கு வேம்பு போதும், பூச்சி அரிக்காது. இப்ப சேலத்துலேர்ந்து ப்ளைவுட் கதவுன்னு கொண்டாறான். பாக்கப் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ரெண்டு மழை பாத்தா உப்பிப் போயிடும். பலகைக் கதவு அப்படியில்லீங்க. சுத்தி இருக்கற சட்டத்துல காடி வெட்டி, பலகைய அந்தப் பள்ளத்துல சும்மா நிறுத்தியிருக்கோம். ஒட்டறதும் இல்ல, ஆணி அடிக்கறதும் இல்ல. வெயிலுக்குச் சுருங்கட்டும், மழைக்கு விரியட்டும். அதுக்கு இடம் விட்டாத்தான் கதவு நிக்கும்."

மகள் அந்த வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனாள். ஆறு பலகை வைத்தது, நடுவில் தாமரை செதுக்கியது, மேலே வளைவு வைத்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, கையை வைத்துப் பார்த்து, நகர்ந்தாள். கடைசியில் நாலு பலகை வைத்த ஒரு வெறும் கதவின் முன்னால் நின்றாள். மேலே இரண்டு, கீழே இரண்டு, நடுவில் அகலமான ஒரு குறுக்குச் சட்டம்.

"இது. பூவெல்லாம் வேணாம்."

"பூ வேணாங்கற மொத பொண்ணு நீதான் கண்ணு" என்றார் பாய்.

அவள் சிரிக்கவில்லை. "பாய், இதை உள்ள தாப்பா போட்டா வெளியேர்ந்து யாராலயும் திறக்க முடியாதில்ல?"

"கலெக்டரே வந்து தட்டினாலும் நீ எந்திரிச்சு வந்து திறந்தாத்தான் உண்டு."

அப்போதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் சிரிப்பு. கேட்டாயா என்பது போல. நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நீ எந்திரிச்சு வந்து திறந்தாத்தான் உண்டு என்பது மட்டும் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து வர முடியாத நேரத்தில்?

அடுத்த சனிக்கிழமை, பள்ளிக்கு அட்டவணைத் தாள் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகத் தருமபுரிக்குப் போனேன். பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளியில் அன்று பார்த்தவர்களைத் தவிர வெளியாட்களுக்கு அந்த விஷயம் தெரியாது. பெண் பிள்ளை, நாளைக்கு யாராவது பெண் கேட்டு வர வேண்டும். அப்படி மூடி வைத்ததை ஒரு கதவுக்காக அந்தப் பட்டறையில் மரத்தூளுக்கு நடுவில் நின்று சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் எதையும் தட்டாமல் நின்றார். பிறகு மகள் தேர்ந்தெடுத்த கதவிடம் போய், மேலே வலது பக்கத்துப் பலகையைத் தொட்டுக் காட்டினார்.

"தாப்பா இதுக்குப் பக்கத்துல வருது. இந்த ஒரு பலகைய மட்டும் காடியில நிறுத்தாம, வெளிப்பக்கம் சுத்தி நாலு மெல்லிசு ரீப்பர் கட்டை வெச்சு, ஸ்க்ரூ போட்டு நிறுத்தறேன். ரீப்பருக்கு ரெண்டுன்னு எட்டு ஸ்க்ரூ. அவசரம்னா எட்டையும் கழட்டி, பலகைய உங்க பக்கம் இழுத்துட்டு, கையை உள்ள விட்டுத் தாப்பாளை எடுத்துடலாம்."

"உள்ள தள்ளற மாதிரி வெச்சா சுலபமில்லையா? ஒரு குத்து குத்தினாப் போதுமே."

"தள்ளினா எங்க விழும் டீச்சர்? புள்ள மேலதானே விழும்."

எனக்கு அது தோன்றவில்லை. நான் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவள்.

"வழக்கமா ரீப்பர் உள்பக்கம்தான் வரும்" என்றார். "வெளிப்பக்கம் வெச்சா எவன் பாத்தாலும் கேப்பான். புள்ளையே கேக்கும். சொல்லிடுங்க."

"வேணாம் பாய். அவளுக்குத் தெரிஞ்சா அப்புறம் தாப்பா எதுக்கு? பழைய வீட்டுல தட்டி வெச்ச மாதிரிதானே."

"தெரிஞ்சாத்தான் பத்திரம்."

நான் புடவையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டேன்.

"அந்தப் புள்ளைகிட்ட நான் வாய் விட்டிருக்கேனே. கலெக்டரே வந்தாலும்னு. இப்ப என்னைப் பொய்யனாக்கறீங்க."

அப்போதும் பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றால் எதிரில் இருப்பவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அவர் மூச்சை விட்டுவிட்டு, சரி என்று தலையசைத்தார்.

கதவு தயாரானதும் என்னை வரச்சொல்லி, பட்டறையிலேயே அதை நிறுத்திவைத்து, திருப்புளியை என் கையில் கொடுத்துக் கழற்றச் சொன்னார். முதல் தடவை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. மூன்றாவது தடவை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தேன். அன்று பஸ்ஸில் வரும்போது மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தூங்கிவிட்டேன்.

கதவு வந்து நின்றது. வெளிப்பக்கத்தில் எட்டு ஸ்க்ரூ தலைகள் எட்டுக் கண்கள் போல விழித்துக்கொண்டிருந்தன. மற்றக் கதவுகளில் இல்லாதது இதில் மட்டும் ஏன் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? சாயங்காலம் அவள் வருவதற்குள் பெயிண்டரைக் கூப்பிட்டேன்.

"இந்த ஸ்க்ரூவெல்லாம் வெளிய தெரியக்கூடாதுங்க."

"அதை நீங்க சொல்லணுங்களா டீச்சர்" என்றார் அவர். தொழிலில் பெருமை உள்ள மனிதர். "மக்கு வெச்சு அடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, மூணு கோட் அடிச்சுட்டா, அங்க ஸ்க்ரூ இருந்துச்சுன்னு நீங்களே மறந்துடுவீங்க."

மக்கு என்பது சுண்ணத்தூளை எண்ணெய் விட்டுப் பிசைந்த பசை. பள்ளம், ஓட்டை எதையும் அடைக்கும், காய்ந்தால் கல். ரீப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கையும் சேர்த்து அடைத்து, தேய்த்து, பச்சை எனாமல் அடித்தார். உண்மையில் பிரமாதமான வேலை. அந்தப் பலகை மற்ற மூன்றைப் போலவே ஆயிற்று. நான் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. சந்தோஷப்பட்டேன். ஸ்க்ரூக்கள் உள்ளேதான் இருக்கின்றன, எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும், அது போதும் என்று நினைத்தேன். புதிதாக வாங்கிய திருப்புளியை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். கணவரிடமும் சொல்லவில்லை. அவருக்கு மகளிடம் எதையும் மறைக்கத் தெரியாது.

இரண்டு வருடம் போயிற்று. அந்த இரண்டு வருடத்தில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. இரண்டும் கூடத்தில், நான் பக்கத்தில் இருக்கும்போது. மற்ற நாட்களில், பள்ளி விட்டு வந்ததும் அவள் அறைக்குள் போவாள். டக்கென்று தாழ்ப்பாள் விழும். நான் கூடத்தில் அந்தக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன். உள்ளே புத்தகம் புரளும், நாற்காலி நகரும். இருக்கியா என்று நான் கேட்பதில்லை. அது வாய் வரை வரும், விழுங்கிக்கொள்வேன். அவள் முகம் தெளிந்துவந்தது. சிரித்தபடி வெளியே வருவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் செய்தது சரி என்றுதான் தோன்றும்.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருடம், ஐப்பசி. ஒரு வாரமாக விடாத மழை. ஒரு விடுமுறை நாள் காலை பத்து மணி இருக்கும். கணவர் மொரப்பூரில். நான் சமையலறையில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். அவள் அறையில் டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"என்ன விழுந்துச்சு?"

பதில் இல்லை. அதன் பிறகு அந்தச் சத்தம் வந்தது. குதிகால்.

முறத்தைப் போட்டுவிட்டு, அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. கதவின் முன் நின்று மேல் வலது பலகையின் ஓரத்தைத் தடவினேன். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வழவழவென்று இருந்தது. எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும் என்றுதான் இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூலையிலிருந்து எத்தனை விரற்கடை? இரண்டா, மூன்றா? திருப்புளியின் முனையால் கீறினேன். பெயிண்ட் சுருண்டு வந்தது. கீழே வெறும் மரம். கொஞ்சம் தள்ளிக் கீறினேன். அங்கும் மரம். நாற்பது, நாற்பத்தொன்று. மூன்றாவது இடத்தில் வெள்ளையாக மக்கு தெரிந்தது. குத்திக் குத்திக் கிளறினேன். ஸ்க்ரூவின் தலை தெரிந்தது, அதன் நடுக்கோடு அடைந்து போயிருந்தது. திருப்புளியை வைத்துத் திருகினால் வழுக்கியது. மறுபடி வைத்தேன். வழுக்கி என் இடது கையில் இறங்கியது. அப்படி எட்டு ஸ்க்ரூ இருந்தன. நான் ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன்.

நூற்றிருபதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. ஏதோ ஒரு கணத்தில் குதிகால் சத்தம் நின்றது.

அதற்கு முன் அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் எனக்கு உயிர் திரும்பி வரும். அன்று அப்படி இல்லை. அவள் எப்படிக் கிடக்கிறாள் என்று தெரியாது. சட்டத்தில் வாயை வைத்துக் கத்தினேன்.

"இருக்கியா?"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

என் குரலைக் கேட்டு எதிர்வீட்டு அம்மா ஓடிவந்தார். அவர்கள் விவசாயக் குடும்பம். அவர் வீட்டுக்காரர் வாசலில் மழைத் தண்ணீர் போகக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தவர், கடப்பாரையோடு அப்படியே பின்னால் வந்தார்.

"எங்க போடட்டுங்க?"

"இந்தப் பலகைல. இதுதான் கழண்டு வரும்."

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். ஆனால் கேள்வி கேட்கவில்லை. ரீப்பரின் இடுக்கில் கடப்பாரை முனையைச் செருகி நெம்பினார். ரீப்பர் பிளந்தது. பலகை அசையவில்லை, மழைக்கு விரிந்து, பெயிண்டில் ஒட்டி, இறுகிப் போயிருந்தது. "நவுருங்க" என்று சொல்லிவிட்டு ஓங்கிக் குத்தினார். பலகை நெடுக்காகப் பிளந்து ஒரு துண்டு உள்ளே விழுந்தது. கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தார்.

கட்டிலிலிருந்து சரிந்த ஜமக்காளத்தின் மடிப்பில் முகம் புதைந்து அவள் குப்புறக் கிடந்தாள். புரட்டினேன். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஒருக்களித்து வைத்து வாயைத் துடைத்துவிட்டு, முதுகைத் தட்டினேன். மூச்சு இல்லை. பிறகு, குறட்டை போல ஒரு பெரிய இழுப்பு. அடுத்தது. அதற்கடுத்தது. காதுக்கு மேல் ஒரு வெட்டுக் காயம். கட்டில் காலில் பட்டதா, அந்தப் பலகைத் துண்டு விழுந்து பட்டதா என்று இன்றுவரை தெரியாது.

"இரும்புங்க, இரும்பு ஏதாவது குடுங்க" என்று எதிர்வீட்டு அம்மா அறை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கி, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். சேலத்து டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. அந்தத் திருப்புளி அன்றைக்கு வேறு எதற்கும் உதவவில்லை.

அவள் தூங்கி எழ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கூடத்தில் பாயில் படுக்க வைத்திருந்தோம். கண்ணைத் திறந்ததும் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"இரும்பும்மா. கையில இருக்கட்டும்" என்றார் எதிர்வீட்டு அம்மா.

"நம்ம வூட்டுல திருப்புளியே இல்லையே" என்றாள் அவள், குழறிக்கொண்டே. "அப்பா போன வாரம் ஃபேனுக்குத் தேடினாரே."

நான் அவள் தலையைத் தடவிவிட்டேன். மறுபடி தூங்கிப் போனாள்.

இரண்டு நாள் கழித்து எழுந்து நடமாடினாள். உடைந்த கதவின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தொங்கிக்கொண்டிருந்த ரீப்பரை எடுத்து, அதிலிருந்த மக்கை நகத்தால் சுரண்டினாள். எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் தடவிப் பார்த்தாள், பின்கட்டுக் கதவையும். பிறகு ரீப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கணவரும் அப்போது வீட்டில் இருந்தார்.

"இது எத்தனை நாளா?"

"மொதல்லேர்ந்தே."

"பாய்க்குத் தெரியும்?"

"ம்."

"அப்பாவுக்கு?"

கணவர் என்னைப் பார்த்தார். "என்ன அது?" என்றார். நான் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் எழுந்துபோய்க் கதவின் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தார். மறுபடி விட்டார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். "அடைக்காம வுட்டிருப்பேன்."

ஏமாற்றிவிட்டேன் என்று மகள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"மக்கு வெக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"எனக்குத் தெரியக்கூடாதுன்னு."

"ஆமா."

அவள் ரீப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்சிருந்தா பெயிண்ட் அடிக்க வுட்டிருக்க மாட்டேம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அறைக்குள் போய்த் தன் ஜியாமெட்ரி பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். திறந்தேன். காம்பஸுக்கு அடியில் பதினோரு மாத்திரைகள், வலிப்புக்குச் சேலத்து டாக்டர் கொடுத்தவை. போட்டுக்கொண்டால் படிக்கும்போது தூக்கம் வருகிறது என்று ஒரு வாரமாக விழுங்குவது போலப் பாவனை செய்துவிட்டு அதில் போட்டிருக்கிறாள். தினமும் இரண்டு வேளையும் தண்ணீர் டம்ளரோடு எதிரில் நின்று பார்த்தவள் நான். அன்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை.

புதுப் பலகையோடு பாய் பஸ்ஸில் வந்தார். நான் எழுதிய கடிதத்தில் எல்லாம் சொல்லியிருந்தேன். வந்தவர் முதலில் மகளிடம்தான் போனார்.

"உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன் கண்ணு."

"கலெக்டர் வந்தா முடியாது, எங்கம்மா வந்தா முடியும்னு சொல்லியிருக்கணும் நீங்க" என்றாள். "அதுவும் பொய்தான். அம்மாவாலயும் முடியல."

பாய்க்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பெட்டியைத் திறந்து உளியை எடுத்தார். நான் முன்னாலேயே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"பாய், பலகைய வழக்கம்போல நிறுத்திடுங்க. தாப்பாளைக் கழட்டிடுங்க. அது வேணாம்."

கணவர் தரையைப் பார்த்தார். மகளின் முகம் வெளிறிப்போயிற்று. அவள் காதுக்கு மேல் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அந்தக் கட்டோடு என்னைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"தாப்பா இருக்கட்டும். ஸ்க்ரூ வெளிய தெரியட்டும், பித்தளையில. அதுல பெயிண்ட் கூடாது. திருப்புளி இங்க சுவத்துல தொங்கட்டும், யார் கேட்டாலும் கேக்கட்டும். மாசம் ஒருக்கா நீ கழட்டிப் பாரு. மாத்திரைய நான் உங்கண்ணு முன்னால போட்டு வாயத் தொறந்து காட்டறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "தாப்பாளை எடுத்தா, நான் இங்க இருக்கற மாதிரியே இருக்காதும்மா."

பாய் உளியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இந்தத் தடவை பேசாமல் நின்றது அவர்கள். எவ்வளவு நேரம் தாங்கினேன் என்று தெரியவில்லை. மாட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தலையைத்தான் அசைத்தேன். மழைக்கு விரிந்தாலும் பிடிக்காமல் இருக்க, பலகையின் ஓரத்தை நாலு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக இழைத்து மாட்டினார்.

அது நடந்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டிருக்கிறாள். இடையில் ஒரு தடவை, மூடிய கதவுக்குப் பின்னால் அந்தச் சத்தம் வந்தது. நூற்றுப்பத்து எண்ணுவதற்குள் திறந்துவிட்டேன். எனக்கு அதில் ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போதும் துணி மடிக்கும்போதோ கரும்பலகை துடைக்கும்போதோ என் விரல்கள் தாமாக எதையாவது தடவும். வழவழவென்று ஏதாவது தட்டுப்பட்டால் நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறாள். நான் திருப்புளியை எடுத்து, எட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, பலகையை இழுத்து, கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் தொடுகிறேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

"வருதா?"

"வருது."

"அப்ப மாட்டிட்டுப் போம்மா."

மாட்டுகிறேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கடைசி வரை முறுக்கி, பிறகு அரைச் சுற்று தளர்த்தி விடுகிறேன். சீக்கிரம் கழன்று வருவதற்காக. பலகை ஆடாது, காற்றடித்தால் மட்டும் லேசாகத் தட்டும். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.